மாடியில் கீபோர்ட், கீழே வயிற்றெரிச்சல்

போன வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லண்டனின் கிழக்குக் கோடியில், குட்மேய்ஸில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், கையில் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் கணவர் இருந்தார். காலையில் அவர் ‘நீயும் வர்றியா’ என்று கேட்டபோது வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கிளம்பிப் போனதும் தலையை வாரி, பீரோவில் நல்ல குர்தாவாகத் தேடிப் போட்டுக்கொண்டு, பின்னாலேயே வந்துவிட்டேன். எதற்கு என்றால், அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க. இன்னும் உண்மையைச் சொன்னால், அவளைப் பார்த்துவிட்டு, ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள.

முதலில் இருந்தே சொல்கிறேன், அப்போதுதான் என் நிலைமை புரியும்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். லண்டனின் மேற்கே இருக்கிற ஹவுன்ஸ்லோவுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அவருக்கு ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. நான் ஏர்போர்ட்டில் ஒரு கடையில் சென்ட் விற்கிறேன். ஒரே மகள். அவள் படிப்புக்காக லீட்ஸ் போன பிறகு வீடு திடீரென்று பெரிசாகிவிட்டது. நான் கூடுதலாக ஷிப்ட் எடுத்துக்கொண்டேன். அவர் கீபோர்ட் வாங்கினார்.

கீபோர்ட் என்றால் பாட்டு வாசிக்கிறது இல்லை. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறதுதான். நானும் முதலில், ஆபீஸ் வேலைக்கு ஏதோ நல்லதாக வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் ஒன்று பாகம் பாகமாக வந்தது. பெட்டி தனி, எழுத்துப் பொத்தான்கள் தனி, அவற்றுக்கு அடியில் வைக்கிற சின்னச் சின்ன ஸ்விட்சுகள் ஒரு டப்பா நிறைய. இதையெல்லாம் தனக்குப் பிடித்த மாதிரி தேர்ந்தெடுத்து, தானே சேர்த்து, அடித்துப் பார்த்து ரசிப்பது ஒரு பொழுதுபோக்காம். மெக்கானிக்கல் கீபோர்ட் என்று பெயராம். உலகம் முழுக்க இதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம்.

ஒரு ஸ்விட்ச் அமுக்கினால் வழவழவென்று கீழே போகும். இன்னொன்று பாதி வழியில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்குகிற மாதிரி விரலுக்குத் தட்டுப்படும். மூன்றாவது வகை பேனா மூடி மாதிரி கிளிக்கென்று சத்தம் போடும். இதில் எது தனக்குச் சரி என்று முடிவு பண்ண என் கணவருக்கு ஒரு கோடைகாலம் முழுசும் போனது. மகளுக்குப் பெயர் வைக்கக்கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்விட்சையும் திறந்து, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கிரீஸ் தடவி, மறுபடியும் மூட வேண்டும். அப்போதுதான் உரசல் இல்லாமல் ‘தக்’ என்று சத்தம் வருமாம். சாப்பாட்டு மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரு ஸ்பிரிங்கைக் குழந்தைக்கு மை இடுகிற மாதிரி அவர் பிடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதர் என் செயின் கொக்கியை மாட்டிவிடச் சொன்னால், ‘வரலையே, நீயே போட்டுக்கோ’ என்று விட்டுவிடுகிறவர்.

ஆனால் அப்போதெல்லாம் அது வெறும் எரிச்சல்தான். பொறாமை இல்லை. ஏனென்றால் ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். நான் அடுப்படியில் இருப்பேன். பின்னால் நின்று தட்டுவார். “இது எப்படி இருக்கு?” என்பார். நான் திரும்பாமலே வாய்க்கு வந்ததைச் சொல்வேன். “ரேஷன் அரிசியைத் தகர டப்பாவுல கொட்டுற மாதிரி இருக்கு.” இன்னொரு நாள், “கேரம் காய் குழியில விழுற மாதிரி.” ஒருமுறை கிரீஸ் அதிகமாகிவிட்டது போல, சத்தம் மந்தமாக இருந்தது. “நமுத்த முறுக்கைக் கடிக்கிற மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றேன். அவர் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள் டெர்மினலில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்திருந்தேன். இரண்டு கையிலும் இரண்டு கீபோர்டை வைத்துக்கொண்டு வந்து நின்றார். “என்னை விடுங்க. எல்லாம் ஒரே லொட லொடதான்” என்றேன். அவரும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான், அந்தக் கேள்வியை இப்போது அவர் வேறு யாரிடமோ கேட்கிறார் என்று தெரிந்தது.

வாட்ஸ்ஆப்பில் கீபோர்ட் பிரியர்களுக்கு ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் குட்மேய்ஸில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். அவளிடமிருந்து தினமும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். அதில் பேச்சே இருக்காது. டக டக டக என்று டைப் அடிக்கிற சத்தம் மட்டும். கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும், “எப்படி? ஸ்பேஸ்பார் கொஞ்சம் கிலுகிலுக்குது, என்ன?” என்று ஒரு குரலும். அதை இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்பார். பிறகு தன்னுடையதைத் தட்டி, பதிவு செய்து அனுப்புவார். பதில் வரும் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

அந்தக் குரல் நல்ல குரல். அதுதான் எனக்கு முதலில் ஆகவில்லை. தேன் தடவின மாதிரி ஒரு நிதானம். எனக்கு அப்படிப் பேச வராது. நான் பேசினால் பக்கத்து ஃப்ளாட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள்.

“யாரு அது?” என்று கேட்டேன். மறைப்பார், தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். “குரூப்ல இருக்காங்க. செம காது அவங்களுக்கு. எந்த ஸ்க்ரூ லூசா இருக்குன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவாங்க” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. மறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒளிவு மறைவே இல்லாத ஒரு விஷயத்துக்கு எப்படிச் சண்டை போடுவது? பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன். அவர் காதில் விழவில்லை. ஹெட்போன் போட்டிருந்தார்.

கடையில் நிற்கும்போதுகூட அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் கையில் சென்ட்டைத் தெளித்துவிட்டு, ‘மழை பெய்த தோட்டம் மாதிரி இருக்கும் மேடம்’ என்று வாய் தானாகச் சொல்லும். மனசு குட்மேய்ஸில் இருக்கும். ஒல்லியாக இருப்பாள், நீளமான விரல்கள் இருக்கும், நகம் பளபளவென்று இருக்கும் என்று நானே அவளுக்கு ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன். இளமையாக இருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் குரூப் ஆட்கள் சிலர் கூடுகிறார்கள் என்றார். “நீயும் வர்றியா? ஆனா உனக்கு போர் அடிக்கும்” என்றார். அந்த ‘ஆனா’ என்னைக் கொன்றுவிட்டது. வரவில்லை என்றேன். இருக்கிறதிலேயே நல்ல கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி கிளம்பினார். அவர் போன பிறகுதான் சோபாவில் அந்தத் துணிப்பையைப் பார்த்தேன். அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த எழுத்துப் பொத்தான்கள் அதில் இருந்தன. மறந்துவிட்டுப் போயிருக்கிறார். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நான் பண்ணவில்லை. போவதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. முகவரியை அவர் ஏற்கெனவே ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். அவ்வளவு ஒளிவு மறைவில்லாத மனிதர்.

பஸ் பிடித்து சவுத்தால் வந்து, எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, வைட்சாப்பலில் மாறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ‘இதை மறந்துட்டாரு, கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்’ என்பதை அலட்சியமாகச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். உள்ளே வரச் சொன்னால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் உள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

கதவைத் திறந்தது ஒரு ஆண். ஐம்பதைத் தாண்டியவர். இடுப்பில் ஏப்ரன், கையெல்லாம் மாவு. அந்தப் பெண்ணின் கணவராகத்தான் இருக்க வேண்டும். நான் யார் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓ, ஹவுன்ஸ்லோக்காரற்றை மனுசியோ? வாங்கோ, வாங்கோ உள்ளுக்கு. அவை எல்லாரும் மேலதான்.”

மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. டக டக டக. நடுவில் என் கணவரின் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நேரே மேலே போய்ப் பையை நீட்டத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கால் மாடிப்படிப் பக்கம் போகவில்லை. அந்த அண்ணா பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். மேஜை மேல் ரோல்ஸ் சுற்றுவதற்கு மாவு ரொட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே இருக்கிறவர்களுக்காகச் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தார். நானும் சும்மா இருக்க முடியாமல் கையைக் கழுவிவிட்டு, உருளைக்கிழங்கை உள்ளே வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

நாலைந்து ரோல்ஸ் சுற்றி முடித்தோம். பிறகு அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. ஒண்டு கேக்கிறன். உங்கட மனுசன் வீட்டிலயும் இப்பிடித்தான் கதைப்பாரோ?”

“எங்கே அண்ணா! வாயைத் திறக்கிறதே இல்லை.”

“இவவும் அப்பிடித்தான்” என்றார். ஒரு ரோல்ஸை முட்டையில் முக்கினார். “ஞாயிற்றுக்கிழமை எண்டால் முந்தி நாங்கள் ரெண்டு பேரும் காட்டுப் பக்கம் நடக்கப் போவம். இப்ப அவவுக்கு நேரமில்லை. ஹவுன்ஸ்லோ மெசேஜ் போட்டிருக்கு, கேக்கவேணுமாம். உங்கட மனுசனை நான் இண்டைக்குத்தான் முதல்முதல் பாத்தனான். ஆள் கொஞ்சம் வடிவான ஆளா இருப்பார் எண்டு நினைச்சிருந்தன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் வழுக்கை, தொப்பை, மூக்குக் கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரு சாதாரண மனிதர். அவரை நினைத்து இங்கே ஒருத்தர் வயிறு எரிந்துகொண்டிருந்திருக்கிறார்! என் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அவர் சும்மா இருக்கவில்லையாம். மனைவியின் பேச்சில் தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று, யாரிடமும் கேட்காமல் ஒரு கீபோர்ட் வாங்கியிருக்கிறார். எழுத்துக்கு எழுத்து கலர் கலராக லைட் எரிகிற கீபோர்ட். ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினாராம். “பாத்துப்போட்டு, இது கீபோர்ட் இல்லை, கலியாண வீட்டு வாசல் எண்டு சொல்லிச் சிரிச்சா. அலுமாரிக்குள்ள வச்சிட்டன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் போலவே ஒருத்தரை எதிரில் பார்த்தது ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

திடீரென்று மாடியில் சத்தம் நின்றுவிட்டது.

டைப் அடிக்கிற சத்தமும் இல்லை, பேச்சும் இல்லை. எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு நேரம் அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. அது நின்றதும் அதைவிடப் பெரிய எரிச்சல். மேலே நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சு கேட்கிறதா?

“ரோல்ஸ் ஆறிப்போகும். கொண்டுபோய்க் குடுப்பம்” என்றார் அண்ணா. பொரித்த ரோல்ஸ் தட்டை அவர் எடுத்துக்கொண்டார். தேநீர்க் கோப்பைகள் இருந்த தட்டை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் படியில் சத்தம் வராமல் ஏறினோம். அவர் தன் சொந்த வீட்டில் அப்படித் திருடன் மாதிரி ஏறியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு நீள மேஜை, அதன் மேல் வரிசையாகக் கீபோர்டுகள். ஒரு வெள்ளைக்காரப் பையன், ஒரு சீக்கியப் பெரியவர், கல்லூரி வயசில் ஒரு பெண், என் கணவர். நாலு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜைத் தலைமாட்டில் ஒரு பெண், அடுத்து எந்தக் கீபோர்டை எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு, எது யாருடையது, எந்த மாதிரிச் சத்தம் என்று சொல்கிற விளையாட்டு.

அவள்தான் என்று தெரிந்துவிட்டது. நான் நினைத்து வைத்திருந்த நீள விரலும் இல்லை, நகப் பூச்சும் இல்லை. என்னைவிட வயசு கூடின பெண். குட்டையாக வெட்டிய நரை முடி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, முழங்கை தேய்ந்த ஒரு கம்பளிச் சட்டை. ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று சொல்லிக்கொள்ள எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அந்த நேரம் என் கண் அவள் மேல் நிற்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் கணவரின் முகத்துக்குப் போய்விட்டது. அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தை நான் எங்கள் வீட்டில் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று தோன்றியபோதுதான் நிஜமாகவே வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் அழகைப் பார்த்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது.

அவள் ஒரு கீபோர்டை எடுத்துத் தட்டினாள். மந்தமான சத்தம். உடனே அந்த வெள்ளைக்காரப் பையன் கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

“நமுட்டா முருக்கு!”

அறை முழுக்கச் சிரித்தது. சீக்கியப் பெரியவர் மேஜையைத் தட்டி, “முருக்கு, முருக்கு” என்றார். அது என் வார்த்தை. என் அடுப்படியில், திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் எரிந்து விழுந்த வார்த்தை. அதை இவர் இங்கே கொண்டுவந்து, தமிழ் தெரியாதவன் வாயில் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்!

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கை நின்றது. “ஆர் இது?” என்றாள். என் கணவர் கண்ணைத் திறந்தார். திருதிருவென்று விழிப்பார் என்று பார்த்தேன். இல்லை. முகம் இன்னும் மலர்ந்தது. “ஏய், வந்துட்டியா!” என்று எழுந்து தட்டை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் என்னைக் காட்டினார். “இவங்கதான். முறுக்கு இவங்களோடதுதான்.”

எனக்கு முன்னால் ஒரு நாற்காலி வந்தது. அப்போதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் குரூப்பில் சொல்லியிருக்கிறார். ரேஷன் அரிசி, கேரம் காய், ஓட்டு வீட்டில் மழை, பல்லி சத்தம். ஒரு சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்த அந்தக் கூட்டத்துக்கு அது பெரிய வசதியாகப் போயிருக்கிறது. புதுசாக யாராவது சேர்ந்தால், எது அரிசி, எது கேரம் என்று சத்தத்தோடு சொல்லிக் கொடுப்பார்களாம்.

எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. என் வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் மட்டும் அங்கே இல்லை. என் பேச்சுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. என் வார்த்தைகள் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையைக் கொடுத்தேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. அவள் பையைப் பிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களில எனக்குக் கொஞ்சம் எரிச்சல், தெரியுமோ?” என்றாள், அந்தத் தேன் குரலில். “நான் நாள் முழுக்க கவுன்சில் போன்ல சனத்தின்ர முறைப்பாட்டைக் கேட்டு, பதில் சொல்லி அலுத்துப்போய் வாறனான். வந்து இதில இருந்து நாலு தட்டுத் தட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். இவரிட்டக் காட்டினால், எதைக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு’. அவ்வளவுதான். நல்லதுக்கும் நல்லா இருக்கு, கூடாததுக்கும் நல்லா இருக்கு. உங்கட வீட்டில முறுக்கு எண்டு ஏசுறதுக்காவது ஒரு ஆள் இருக்கு.”

கதவருகில் தட்டோடு நின்றுகொண்டிருந்த அண்ணா, “நல்லா இருந்தால் நல்லா இருக்கு எண்டுதானே சொல்லேலும்” என்றார் பாவமாக. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “கையெல்லாம் மாவு. துடைச்சுப்போட்டு வந்து இருங்கோ” என்றாள். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரோ அவர் பக்கம் ஒரு கீபோர்டைத் தள்ளினார்கள்.

என் பக்கமும் தள்ளினார்கள். தட்டிப் பாருங்கள் என்றார்கள். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. ஊரில் டைப்ரைட்டிங் கிளாஸ் போனவள்தான் நான். விரலை வைத்ததும் அது தானாக எழுத்துகளைத் தேடிப் போனது. ஒன்று கனமாக இருந்தது, ஒன்று ரொம்ப லேசு, கை வைக்கும் முன்னாலேயே அமுங்கியது. கடைசியாக அந்தப் பெண்ணின் சொந்தக் கீபோர்ட். சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றும் விசேஷம் இல்லை. ஆனால் அதைத் தட்டியதும் என் தோள் தானாகக் கீழே இறங்கியது. அமுக்குகிற இடத்தில் ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் ஒரு சம்மதம், அப்புறம் ஆழத்திலிருந்து ஒரு தக். நிறுத்த மனசு வரவில்லை. இத்தனை நாள் இவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முதல்முறையாக என் விரலுக்குப் புரிந்தது.

உடனே அடுத்த பொறாமை. என் கணவர் மாசக்கணக்கில் மூச்சடக்கிச் செய்ததைவிட இது நன்றாக இருந்தது. அதை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டி, முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டேன். “ரெண்டும் நல்லா இருக்கு” என்றேன். அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ராட்ஃபர்ட் ஸ்டேஷன் வந்தது. அப்புறம் நான் சொல்லிவிட்டேன்.

“அவங்களோடது உங்களோடதைவிட நல்லா இருந்துச்சு.”

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். சட்டென்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும். எங்க வித்தியாசம்? சத்தத்துலயா, அமுக்குறதுலயா?”

“அமுக்குறதுல. உங்களோடது உடனே சரின்னுடுது. அவங்களோடது கொஞ்சம் யோசிச்சிட்டு சரிங்குது.”

அவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ‘யோசிச்சிட்டு சரிங்குது.’ போனை எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இதை குரூப்ல போடாதீங்க. இது உங்களுக்குச் சொன்னது.”

அப்போதுதான் என் மனசில் இருந்ததையெல்லாம் சொன்னேன். பொறாமையாக இருக்கிறது என்று, அந்த வார்த்தையையே சொன்னேன். எதிர் சீட்டில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“உன்கிட்டதான் முதல்ல கொண்டு வந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டே. ஆனாலும் நீ சொல்றது கரெக்டா இருக்கும். அதுக்காகத் திரும்பத் திரும்ப வந்தேன். ஒரு நாள் எல்லாம் ஒண்ணுதான்னுட்டே. சரி, நாம தொந்தரவு பண்றோம்னு விட்டுட்டேன். அவங்ககிட்ட கேட்டா, அவங்க கேக்குறாங்க. அவ்வளவுதான்.”

அவர் குற்றம் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆழமாகப் போய் இறங்கியது. ‘அவங்க கேக்குறாங்க.’ வேறு எந்த ரகசியமும் அங்கே இல்லை. அவளிடம் இருந்து என்னிடம் இல்லாமல் போனது அது ஒன்றுதான். சவுத்தாலில் இறங்கும்வரை நான் அவர் கையை விடவில்லை. அவரும் விடவில்லை.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவள் குரல் இன்னும் நல்ல குரலாகத்தான் இருக்கிறது. நானும் இப்போது அந்த வீட்டுக்குப் போகிறேன், அண்ணாவோடு நின்று ரோல்ஸ் சுற்றுகிறேன், பிறகு நாங்கள் இரண்டு பேரும் மேலே போய் மேஜையில் உட்கார்ந்துகொள்கிறோம். எனக்கென்று ஒன்று செய்துகொண்டேன். ஸ்விட்ச் எது என்பதில் அவர் ஆலோசனையைக் கேட்கவில்லை. நானே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசிக்கிற ரகமாக எடுத்தேன். நான் பிரஷ்ஷால் கிரீஸ் தடவும்போது அவர் சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்க்கிறார், கை துறுதுறுக்கிறது. ‘நான் ஒண்ணு தடவட்டுமா’ என்கிறார். கொடுப்பதில்லை. அவருக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன வாரம் மகள் லீட்ஸிலிருந்து கூப்பிட்டாள். அங்கே சுவர் ஏறுகிற ஜிம்மில் சேர்ந்திருக்கிறாளாம். எந்தச் சுவர் கஷ்டம், எந்த ஷூ விரலைக் கடிக்கிறது என்று பேசிக்கொண்டே போனாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. முன்பென்றால், ‘பத்திரமா ஏறு, அப்புறம் பேசறேன்’ என்று வைத்திருப்பேன். அன்று அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நடுநடுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் நான் காது கொடுக்காத இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்து கேட்பார்கள், அப்படிக் கேட்பதில் அவர்கள் மேல் ஒரு தப்பும் இருக்காது என்பது எனக்கு இப்போது தெரியும்.